யோகபிரியா பெயரில் ஒரு கணக்கு

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ள முடியுமா, சார்? கனமில்லை, வெறும் தாள்தான். நிமிர்த்தி வைக்காதீர்கள், படுக்கைவசமாக வையுங்கள். ஆமாம், அப்படித்தான். தாள் மடங்கிவிட்டால் கேள்வி தெரியவில்லை என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது போதும்.

கேள்வித்தாள், சார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆறாம் வகுப்புக்கு வாரத் தேர்வு. நான் செம்பொட்டல் நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தேவசகாயம் என்று பெயர். நீங்கள் எதுவரை? சரி, நான் இறங்கின பிறகும் உங்களுக்குத் தூரம் இருக்கிறது.

பக்கத்தில் இருப்பவர் எழுந்துகொள்கிறார். கொஞ்சம் நகருங்கள், உட்கார்ந்துவிடுகிறேன். இல்லை, பை உங்களிடமே இருக்கட்டும். இன்றைக்கு அதைக் கையில் வைத்திருக்க எனக்கு இஷ்டமில்லை.

இதெல்லாம் ஏ.ஐ. போட்ட கேள்விகள். பார்த்திருப்பீர்கள், செல்லிலேயே இருக்கிறது. போன வருஷம் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஒரு சின்னப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘சார், இனிமே நீங்க ராத்திரி உக்காந்து கேள்வி எழுத வேண்டாம், பாடத்தைச் சொன்னா அது எழுதிரும்’ என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாகக் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கேள்விகளில் ஒரு வழக்கம் உண்டு, அது இதற்கு வருமா என்று சந்தேகம்.

என்ன வழக்கம் என்றால், என் கணக்கில் ‘ஒருவர்’ என்பவர் வரமாட்டார். புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், ‘ஒருவர் கடைக்குச் சென்று ஐந்து கிலோ அரிசி வாங்கினார்’ என்று இருக்கும். யார் அந்த ஒருவர்? எந்தத் தெரு? அவர் எவ்வளவு அரிசி வாங்கினால் பிள்ளைக்கு என்ன? நான் என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைத்தான் போடுவேன். தாளைக் கொடுத்ததும் எல்லாப் பிள்ளையும் முதலில் தன் பெயரைத் தேடும். பெயர் வந்த பிள்ளை அந்தக் கணக்கை விடாது, சார். தேர்வு முடிந்ததும் அதுதான் பலகைக்கு வந்து போட்டுக்காட்ட வேண்டும். அந்தக் கணக்கு அந்தப் பிள்ளையுடையது. என் வகுப்பில் அது சட்டம் மாதிரி.

ஏ.ஐ. முதலில் என்ன கொடுத்தது தெரியுமா? ‘ஜான் ஒரு பீட்சாவை எட்டுத் துண்டுகளாக வெட்டினான்.’ செம்பொட்டலில் ஏது பீட்சா? பீட்சா வேண்டாம், பனங்கிழங்கு போடு என்றேன். ‘நிச்சயமாக! இதோ’ என்று மாற்றிக் கொடுத்தது. ஆனால் பனங்கிழங்கை வட்டமாக எட்டுத் துண்டு போட்டிருந்தது. பனங்கிழங்கு வட்டமாக இருக்காது என்று சொன்னேன். ‘சுட்டிக்காட்டியதற்கு நன்றி’ என்றது. அதற்குக் கோபமே வராது. என்னை மாதிரி பொறுமைக்காரனுக்கே சில சமயம் எரிச்சலாகிவிடும்.

பிறகு வகுப்புப் பெயர்ப் பட்டியலை அப்படியே அதற்குள் போட்டுவிட்டேன். இருபத்தெட்டுப் பெயர். இந்தப் பெயர்களை வைத்துக் கேள்வி போடு, எல்லாருக்கும் முறை வர வேண்டும் என்றேன். அந்த விஷயத்தில் அது என்னைவிட ஒழுங்கு. யாரையும் விடாது.

நான் இந்தப் பள்ளிக்கு ஜனவரியில்தான் வந்தேன். முன்னால் இருந்த டீச்சர் பிரசவ லீவில் போனார், அந்த இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். நான் போன நேரம் எங்கள் எச்.எம். சுகந்தி டீச்சரும் முட்டி ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். பட்டியலைப் பழைய டீச்சர்தான் செல்லில் அனுப்பினார், பச்சைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு. அதில் யோகபிரியா என்று ஒரு பெயர். வருகைப் பதிவேட்டிலும் இருந்தது. நான் தினமும் கூப்பிடுவேன். ‘யோகபிரியா.’ பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை, ‘வரல, சார்’ என்று சொல்லும். ஏன் வரவில்லை என்று நான் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். காலையில் முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, சார். அடுத்த பெயருக்குப் போயாக வேண்டும்.

எங்கள் பக்கம் இது புதிதில்லை. அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போனால் பிள்ளையும் கூடப் போய்விடும், ரெண்டு மாதம் கழித்து வரும். இந்த மாதிரி வராத பிள்ளைகளுக்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடமாட்டேன். அந்தப் பிள்ளை பெயர் வருகிற மாதிரி ஒரு கணக்கைப் போட்டு, கேள்வித்தாளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவேன். அவ்வளவுதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், தீப்பெட்டி ஒட்டப் போன ஒரு பிள்ளை, தன் பெயரைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு அது நர்ஸாக இருக்கிறது. அதனால் முறையில் தப்பில்லை, சார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏ.ஐ.யிடம் சொன்னேன், இந்த யோகபிரியா மட்டும் ஒவ்வொரு தாளிலும் வர வேண்டும், நல்ல கணக்காக, ஆசையாகப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று. ‘நிச்சயமாக!’ என்றது. போட்டது பாருங்கள், நான் முப்பது வருஷத்தில் அந்த மாதிரிப் போட்டதில்லை. யோகபிரியா மரக்கன்று நட்டாள். யோகபிரியா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தந்திக் கம்பங்களை எண்ணினாள். யோகபிரியா திருவிழாவில் ராட்டினம் சுற்றினாள், ஒரு நிமிஷத்துக்கு இத்தனை சுற்று, எத்தனை நிமிஷத்தில் எத்தனை சுற்று. மற்ற பிள்ளைகள் பாவம், அரிசியும் பென்சிலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தாளைக் காளீஸ்வரியிடம் கொடுத்தேன். யோகபிரியா வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண், கெட்டிக்காரி. ‘அவ வீட்டுல குடுத்துரு. சார் குடுக்கச் சொன்னாருன்னு சொல்லு’ என்றேன். காளீஸ்வரி தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. ‘என்ன பாக்குற? போ’ என்றேன். போய்விட்டது.

திங்கட்கிழமை தாள் திரும்பி வந்தது, சார். எல்லாக் கணக்கும் போட்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். பிள்ளை வரவில்லை, ஆனால் தாள் வருகிறது. பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். சிவப்பு மையில் ‘நன்று. பள்ளிக்கு வா’ என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வாரமும் வந்தது. எழுத்து மட்டும் பெரியவர்கள் எழுத்தாக இருந்தது. அம்மா எழுதிக் கொடுக்கிறாள் என்று புரிந்தது. ‘உன் கையால் எழுது’ என்று போட்டேன். அதற்கடுத்த வாரம் எழுத்து மாறிவிட்டது. கோணல்மாணலாக, பென்சிலை அழுத்தி, அடித்துத் திருத்தி. பார், சொன்னால் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஓரத்தில் குறிப்பு வேறு வரும். ‘ஆரஞ்சு வேண்டாம். சாப்பிட்டா வாய் வெந்துபோகும்.’ ‘ராட்டினம் பயம். வேற போடுங்க.’ எவ்வளவு வாய்த்துடுக்கு என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதையும் ஏ.ஐ.யிடம் சொன்னேன். யோகபிரியாவுக்கு ஆரஞ்சு வேண்டாம், கொய்யா கொடு, ராட்டினம் வேண்டாம். அது எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டது. வர வர அந்தக் கேள்விகளில் அவள் ஒரு நிஜப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள். கொய்யாவை உப்பு தொட்டுச் சாப்பிடுவாள், நாய்க்குட்டிக்குப் பாதி பிஸ்கட் போடுவாள், எதையும் எண்ணிக்கொண்டே நடப்பாள்.

வகுப்பில் ஒரு சிக்கல் இருந்தது. யோகபிரியா கணக்கை யாருமே போடவில்லை. ஒருவர்கூட. இருபத்தேழு தாளிலும் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். மூன்று வாரம் பார்த்தேன். மீதி வருகிற வகுத்தல் புரியவில்லை போலிருக்கிறது என்று முடிவு பண்ணி, அந்தக் கணக்கையே பலகையில் பெரிதாக எழுதினேன். சத்தமாகப் படித்தேன். ‘யோகபிரியா நாற்பத்தைந்து புளிப்பு மிட்டாய்களை ஏழு தோழிகளுக்குச் சமமாகக் கொடுத்தாள். அவளிடம் மீதி எத்தனை?’ யாராவது சொல்லுங்கள் என்றேன். காளீஸ்வரியை எழுப்பினேன்.

‘உனக்குத் தெரியும்ல? சொல்லு.’

‘அது அவ கணக்கு, சார்.’

‘அவ வரலைன்னா நீ போடக் கூடாதா?’

‘அவ போட்டுருவா, சார்’ என்றது.

நான் போட்ட சட்டத்தை என்னிடமே சொல்கிறாள் என்று கோபம் வந்தது. ஒரு பாடவேளை முழுக்க அந்த ஒரு கணக்கையே நடத்தினேன். வேறு வேறு மாதிரி நடத்தினேன், படம் போட்டு, கல் வைத்து. ஏழு பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, ‘நீங்கதான் யோகபிரியாவோட தோழிங்க, கையை நீட்டுங்க’ என்று சாக்பீஸ் துண்டுகளை மிட்டாயாகப் பங்கு வைத்தேன். எல்லாரும் கையை நீட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. வயிற்று வலியா என்று கேட்டேன். ஆமாம் என்றது.

மார்ச் முதல் வாரம் சுகந்தி டீச்சர் லீவு முடிந்து வந்தார். தாளில் கையெழுத்துப் போட வேண்டும் இல்லையா, கொண்டுபோய் நீட்டினேன். வாசித்துக்கொண்டே வந்தவர் நாலாவது கணக்கில் நின்றுவிட்டார்.

‘சார், இந்தப் பேரு எப்படி வந்துச்சு?’

‘லிஸ்ட்ல இருக்கு, டீச்சர். லாங் ஆப்சென்ட். ஆனா பேப்பர் மட்டும் கரெக்டா போட்டு அனுப்புது.’

அவர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து கதவைச் சாத்தினார். ‘அந்தப் பிள்ளை டிசம்பர்ல இறந்துருச்சு, சார்’ என்றார்.

காய்ச்சல், சார். அரைப்பரீட்சை சமயம். ரெண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பலனில்லை. ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நேரமாகிவிட்டது என்று வண்டியை நேரே மயானத்துக்கே விடச் சொல்லிவிட்டார்களாம். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முடியும், அவள் அம்மா கொண்டுவரவில்லை, டீச்சரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் பெயர் பட்டியலில் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள், சார். எனக்கு யார் சொன்னார்கள்? தொடக்க வகுப்பு டீச்சர்கள், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களாம். பட்டியல் கொடுத்தவர் சொல்லவில்லை. ஏ.ஐ.க்குத் தெரியாது, அதைக் குறை சொல்ல முடியாது. இல்லை, சொல்லலாம், ஒரு பிள்ளையைப் பற்றி அவ்வளவு எழுதுகிறதே, இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் இல்லையா? பிள்ளைகளாவது சொல்லியிருக்க வேண்டும். காளீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

‘அவ அம்மா, எங்க அத்தை, சொல்லக் கூடாதுன்னுட்டாக, சார். சொன்னா சார் பேப்பர் குடுக்க மாட்டாருன்னு சொன்னாக. எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம்.’

இருபத்தேழு பிள்ளைகள், சார். ஒன்று வாயைத் திறக்கவில்லை. வகுப்பில் அஞ்சு நிமிஷம் பேசாமல் இருக்கத் தெரியாதவர்கள்.

அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு முனீஸ்வரி என்று பெயர், பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறவள். அப்போதுதான் வந்திருந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்வது என்று. வாசலில் நின்று, ‘அம்மா, எனக்குத் தெரியாமப் போச்சு’ என்றேன். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள்.

‘சார், போன வாரம் ஒரு மார்க் கொறச்சிட்டீக.’

‘எதுல?’

‘நாலாவதுல. விடை சரி சார். மூணுதான மீதி?’

‘சரிதாம்மா. வழி எழுதல. அதுக்குக் கொறச்சேன்.’

‘அவ வழி எழுத மாட்டா, சார். மனசுலயே போட்டுருவா. பழைய டீச்சர் திட்டுவாக, ஆனா மார்க் போட்டுருவாக.’

நான் பேனாவை எடுத்து அந்த ஒரு மார்க்கைப் போட்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்கிறீர்கள்? வாங்கிப் பார்த்துவிட்டு, ‘வெள்ளிக்கிழமை வரும்ல, சார்?’ என்றாள். நான் தலையை ஆட்டினேன். வரும் என்று ஆட்டினேனா, வராது என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. அவள் வரும் என்று எடுத்துக்கொண்டாள்.

சுகந்தி டீச்சர் மறுநாள், ‘பேரை எடுத்துருங்க, சார். இது நல்லதுக்கில்ல. அந்தப் பொம்பளைக்கும் நல்லதில்ல, பிள்ளைகளுக்கும் நல்லதில்ல’ என்றார். அவர் சொன்னது சரி. நான் எடுத்தேன். பட்டியலில் அந்தப் பெயரை நீக்கு என்று ஏ.ஐ.யிடம் சொன்னேன். ‘நிச்சயமாக! யோகபிரியாவை நீக்கிவிட்டேன். வேறு யாரையாவது நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தேர்வு நல்லபடியாக நடந்தது. வெள்ளை இடமே இல்லை. மணி அடித்த பிறகு காளீஸ்வரி மட்டும் மேஜை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ‘அவ பேப்பர், சார்?’ இந்த வாரம் இல்லை என்றேன். ‘அத்தை மில்லுல பெர்மிஷன் போட்டுட்டு வந்துருக்காக, சார்’ என்றது. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காதது மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, கையாலேயே ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். நாய்க்குட்டியும் பிஸ்கட்டும். அதிலிருந்து அது தனித்தாளாகப் போகிறது. எச்.எம்.க்குத் தெரியாது. தெரிந்திருக்கும், ஆனால் கேட்கவில்லை.

நீங்கள் நினைப்பது புரிகிறது. நான் ஒன்றும் இளகிய மனசுக்காரன் இல்லை, சார். தேர்வு என்று ஒன்றை ஆரம்பித்தால் வருஷக் கடைசிவரை நடத்தியாக வேண்டும், அவ்வளவுதான். இது முழுவருஷப் பரீட்சைக்கு முந்தின கடைசி வாரத் தேர்வு. அப்புறம் லீவு. ஜூனில் எனக்கு வேறு பள்ளி. அதோடு முடிந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை தாள் வந்தது. எல்லாம் சரி. ஓரத்தில் குறிப்பு. இந்தத் தடவை கோணல் எழுத்து இல்லை, முனீஸ்வரியின் சொந்த எழுத்தே. ‘அவ எங்கெங்கோ போறா சார். ஒரு தடவை வீட்டுக்கு வர மாதிரி ஒரு கணக்கு போடுங்க.’

அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள். காலமும் தூரமும் பாடத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக் கணக்கு. கஷ்டமே இல்லை. ஏ.ஐ.யிடம் கேட்டேன். ‘நிச்சயமாக! யோகபிரியா மாலை 4.30 மணிக்குப் பேருந்தில் ஏறினாள். பயணம் 40 நிமிடங்கள். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க 10 நிமிடங்கள். அவள் எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வாள்?’

மதுரைப் பஸ் என்று நான் சொல்லவே இல்லை, சார். ஆனாலும் எனக்கு அது மதுரைப் பஸ்ஸாகத்தான் தெரிந்தது.

விடை 5.20. முனீஸ்வரி சரியாகப் போட்டுவிடுவாள், கணக்கில் தப்பு விடுகிறவள் இல்லை. போட்டுவிட்டு என்ன செய்வாள்? அஞ்சு மணிக்கெல்லாம் மில்லிலிருந்து வந்துவிடுவாள். வாசலில் உட்கார்ந்திருப்பாளா? அஞ்சு இருபது ஆகும். அஞ்சு இருபத்தொன்று ஆகும். அதற்கு யார் மார்க் போடுவது?

நேரத்தை எடுத்துவிடு, வீட்டுக்கு வர வேண்டும், ஆனால் எப்போது என்று விடை வரக் கூடாது, அப்படி ஒரு கணக்குப் போடு என்றேன். ‘போதிய தகவல் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை காண இயலாது. பேருந்தின் வேகத்தைச் சேர்க்கட்டுமா?’ என்றது. ரொம்ப மரியாதையாகக் கேட்டது. முழு விஷயத்தையும் அதனிடம் சொன்னேன். ஆமாம், சொன்னேன், வேறு யாரிடம் சொல்வது? ‘உங்கள் சூழ்நிலை மிகவும் வருத்தமளிக்கிறது’ என்று ஆரம்பித்து, துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவ ஐந்து வழிகள் கொடுத்தது. கீழே, ‘இவற்றை வினாத்தாளாக மாற்றித் தரட்டுமா?’ என்று கேட்டிருந்தது. செல்லை அணைத்துவிட்டேன்.

அதனால் இதைக் கையால்தான் எழுதினேன். அந்தப் பையில் மேலாக இருக்கிறது பாருங்கள், கோடு போட்ட தனித்தாள். பரவாயில்லை, படியுங்கள். ‘யோகபிரியா பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கொய்யாப்பழம் வைத்திருந்தாள். பஸ் கிளம்பியது.’ அதுவரைதான். கடைசி வரி எழுதவில்லை. ராத்திரி எழுதிவிடலாம் என்று வைத்தேன், காலையில் எழுதிவிடலாம் என்று வைத்தேன், பஸ்ஸில் எழுதிவிடலாம் என்று ஏறினேன், உங்களிடம் பேசிக்கொண்டே வந்துவிட்டேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா, சார்? இல்லை, சும்மாதான் கேட்டேன். கணக்கு வாத்தியாருக்கே வரவில்லை.

ஸ்டாப் வந்துவிட்டது. அதோ வேப்பமரத்தடியில் நீலப் பாவாடை தெரிகிறதா, அது காளீஸ்வரி. எப்போதும் தாளைப் பள்ளிக்கூடத்தில்தான் வாங்கும், இன்றைக்கு ஸ்டாப்புக்கே வந்துவிட்டது. பின்னால் நிற்பது யார் என்று தெரிகிறதா? எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. மில்லுக்குப் போகவில்லை போல.

பையைக் கொடுங்கள், சார். பேனா இருந்தால் கொடுங்கள், என்னுடையது எழுதமாட்டேன் என்கிறது. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள். இறங்க ஆள் இருக்கிறது.